ஐந்து பேர், மூன்று நாள், 34,200 ரூபாய்

சென்ற செப்டம்பர் கடைசியில், காலாண்டு விடுமுறையின்போது, காரைக்குடியிலிருந்து கொச்சிக்கு அருகே பள்ளிக்கரையில் இருக்கும் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவுக்கு எங்கள் காரிலேயே போய்வந்தோம். நான், மனைவி, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், மூன்றாம் வகுப்பு மகன், என்னைப் பெற்ற ஆத்தா என ஐந்து பேர். மூன்று பகல், இரண்டு இரவு. திரும்பி வந்ததும் உறவினர்களும் உடன் வேலை பார்ப்பவர்களும் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு ஆச்சு?" என்பதுதான். தொகையைச் சொன்னபோது சிலர் இவ்வளவா என்றார்கள், சிலர் இவ்வளவுதானா என்றார்கள். அந்தத் தொகை எப்படிச் சேர்ந்தது, எங்கே சரியாக வந்தது, எங்கே தவறியது என்று முழுவதும் சொன்னால் விடுமுறைக்குத் திட்டமிடும் இன்னொரு குடும்பத்துக்கு உதவும் என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குப் போய், மேலாளருக்கு அடுத்த நிலையான அடுத்தாளாக உயர்ந்து, 1942-இல் போர் வந்தபோது ஊர் திரும்பியவர். அவர் எழுதிய பேரேடுகளில் இரண்டு எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இன்னும் இருக்கின்றன. ஊருக்கு வந்தபின் மளிகைக்கும் பால்காரருக்கும்கூட அவர் அதே ஒழுங்கில் சிட்டை எழுதினார். ஆண்டுக் கடைசியில் வரவு, செலவு, கொடுத்தது, கொள்ளவேண்டியது யாவற்றையும் ஒரே தாளில் சுருக்கி ஐந்தொகை போட்டு, அதை வீட்டில் உள்ளவர்களுக்கு வாசித்தும் காட்டினார் என்று ஆத்தா சொல்வார். இந்தப் பயணத்துக்கு நாங்கள் வைத்த நோட்டும் அந்த வழியில்தான். வரவை இடப்பக்கத்திலும் செலவை வலப்பக்கத்திலும் எழுதும் வேலையை மகளிடம் ஒப்படைத்தேன். பிள்ளைகள் அறியாமல் போட்ட கணக்கு பயணத்தின் நடுவில் நிற்காது என்பது என் உறுதியான எண்ணம். கணக்கை அறிந்த பிள்ளை ஐஸ்கிரீம் கேட்பதற்கு முன்பே அதற்கு எந்தப் பத்தியில் இடம் இருக்கிறது என்று பார்க்கும்.

பணம் சேர்த்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நகரத்தார் கடைகளில் வரவில் ஒரு பங்கை மகமை என்று முதலிலேயே தனியாக எடுத்துவைப்பது வழக்கம். அது கோயிலுக்கும் தர்மத்துக்கும் உரியது. உல்லாசப் பயணத்தை அதோடு சமமாக வைக்க எனக்கு மனம் வராது. ஆனால் செலவு போக மிஞ்சியதை ஒதுக்குவதற்கு மாறாக, முதலில் ஒதுக்கிவிட்டு மிஞ்சியதில் செலவு செய்யும் அந்த ஒழுங்கை எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? 2024 அக்டோபரிலிருந்து மாதம் 2,850 ரூபாய், சம்பளம் வந்த அன்றே, தனிக் கணக்கில் போட்டோம். பன்னிரண்டு மாதத்தில் 34,200 ரூபாய் ஆயிற்று. ஆவணி பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டின் உள்திண்ணையான பட்டாலையில் நோட்டை விரித்து, சேரப்போகும் அந்தத் தொகைக்குள் பயணத்தைப் பொருத்த உட்கார்ந்தோம்.

அன்று நான் கற்றுக்கொண்டது ஒன்று. எல்லாச் செலவையும் ஒரே பட்டியலாக எழுதினால் எதைக் குறைப்பது என்று தெரியாமல் கடைசியில் சாப்பாட்டில்தான் கை வைப்போம். ஆனால் ஒவ்வொரு செலவும் ஒவ்வோர் அளவுகோலில் வளர்கிறது. நுழைவுச்சீட்டும் சாப்பாடும் தலைக்கு இவ்வளவு என்று வளரும். பெட்ரோலும் சுங்கமும் தூரத்துக்கு இவ்வளவு என்று வளரும். அறை வாடகை இரவுக்கு இவ்வளவு என்று வளரும். காரில் நால்வர் போனாலும் ஐவர் போனாலும் பெட்ரோல் ஏறக்குறைய ஒன்றுதான். ஓர் இரவு கூடினால் அது எந்த ஓட்டலில் சிக்கனம் பிடித்தாலும் ஈடாகாது. ஆகவே தலைக் கணக்கு, தூரக் கணக்கு, இராக் கணக்கு என்று மூன்று பத்திகள் பிரித்தோம். பின்னால் எடுத்த முடிவுகள் அனைத்தும் அந்தப் பிரிவினையிலிருந்தே வந்தன.

தூரக் கணக்கு எளிது. திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை; அங்கிருந்து உசிலம்பட்டி, தேனி, கம்பம் கடந்து குமுளி மலையேறி, வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குட்டிக்கானம் வழியாக இறங்கிக் கொச்சி. போடிமெட்டு ஏறி மூணாறு வழியாகவும் போகலாம். ஆனால் ஆத்தாவுக்கு வளைவுகளில் தலைசுற்றல் வரும் என்பதால் குமுளியைத் தேர்ந்தோம். போக 350 கிலோமீட்டருக்குச் சற்று மேல், வரவும் அவ்வளவே, உள்ளூர் ஓட்டத்தையும் சேர்த்து 800 என்று வைத்தோம். எங்கள் கார் சமவெளியில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் என்றாலும், மலையும் ஏசியும் இருப்பதால் 14 என்றே எடுத்துக்கொண்டேன். 57 லிட்டர், லிட்டர் 102 ரூபாய் என்றால் 5,814, எழுதியது 6,000. கேரளத்தில் பெட்ரோல் நம் பக்கத்தைவிட லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். 2023 ஏப்ரலில் அங்கே லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரியும் சேர்ந்தது. எனவே கம்பத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டுதான் மலையேறினோம்.

சுங்கத்துக்கு 600 ரூபாய் ஒதுக்கினோம். இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. 24 மணி நேரத்துக்குள் திரும்பினால், போகவர இரண்டுக்கும் சேர்த்து ஒருவழிக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கு மட்டும் செலுத்தும் சலுகை உண்டு. மூன்றாம் நாள் திரும்புகிறவர்களுக்கு அது கிடைக்காது. இன்னொன்று, 2025 ஆகஸ்ட் 15-இல் வந்த ஃபாஸ்டேக் ஆண்டுச் சலுகைச்சீட்டு: சொந்தக் காருக்கு, அப்போதைய விலையில் 3,000 ரூபாய் கட்டினால், தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளை ஓராண்டுக்குள் 200 முறை கடக்கலாம். சாவடிக்குச் சராசரி 80 ரூபாய் என்று கொண்டாலே 38 முறை கடந்தால் போட்ட பணம் திரும்பிவிடும். இந்த ஒரு பயணத்துக்காக மட்டும் அதை வாங்குவதில் பொருளில்லை; ஆண்டில் நாலைந்து கல்யாணத்துக்குத் திருச்சிக்கும் சென்னைக்கும் காரில் போகிற வீட்டுக்கு அது நிச்சயம் கட்டுபடியாகும். நாங்கள் அப்போது வாங்கவில்லை.

வாடகை வண்டி எடுத்தால் என்ன என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி, நான் மூன்று நாளும் ஓட்டிக் களைத்துப் போவேனே என்ற கவலை அவருக்கு. விசாரித்தோம். வாடகை வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கு ஒருபுறம் இருக்க, நாளொன்றுக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு குறைந்தபட்சம் வைத்திருப்பார்கள். நாம் பூங்காவுக்குள் இருக்கும் நாளில் வண்டி நிழலில் நின்றாலும் அந்தக் குறைந்தபட்சத்தையும் டிரைவர் பேட்டாவையும் கொடுத்தாக வேண்டும். அடுத்த மாநிலத்துக்கான பெர்மிட், டோல், பார்க்கிங் எல்லாம் தனி. எட்டு, பத்துப் பேர் சேர்ந்து வேனில் போனால் தலைக்கு வகுத்துக் கட்டும். ஐந்து பேருக்குக் கட்டவில்லை. காரைக்குடி வழியாகப் போகும் வேளாங்கண்ணி–எறணாகுளம் ரயிலையும் பார்த்தோம். அது ஓடும் கிழமைகளும் எங்கள் நாள்களும் ஒத்துவரவில்லை.

இராக் கணக்கில்தான் எங்கள் வீட்டில் உண்மையான விவாதம் நடந்தது. சனிக்கிழமை இரவு பத்து மணிக்குக் கிளம்பி, விடிய விடிய ஓட்டி, ஞாயிறு காலை நேராகப் பூங்கா வாசலில் இறங்கினால் ஓர் இரவு வாடகை மிஞ்சும் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். இரண்டு அறைக்கு ஓர் இரவு ஏறக்குறைய 5,000 ரூபாய் என்பதால் ஆசை வரத்தான் செய்தது. ஆயினும் உறக்கமில்லாமல் குமுளி மலையில் நானே வண்டி ஓட்டுவதை என் மனம் ஏற்கவில்லை. மிச்சம் பிடிப்பதற்கு ஓர் எல்லை உண்டு. பின்னிருக்கையில் தூங்கும் பிள்ளைகளின் உயிரை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. இதை யார் கேட்டாலும் தயங்காமல் சொல்வேன். ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பி மாலையில் கொச்சி சேர்வது, திங்கள் முழுவதும் பூங்கா, செவ்வாய் காலை புறப்பட்டு இரவுக்குள் காரைக்குடி என்று முடிவாயிற்று. புதன்கிழமை ஆயுத பூசைக்குக் காரைக் கழுவிச் சந்தனம் வைக்க வேண்டும் என்பதால் அதற்குமேல் தள்ளவும் முடியாது. வார நாளில் போவதால் நுழைவுக் கட்டணமும் கூட்டமும் குறைவு என்பது இன்னொரு நன்மை.

அறைகளுக்கு 9,900 ரூபாய் எழுதியிருந்தோம்: இரண்டு அறை, இரண்டு இரவு, அறைக்கு 2,200 என்று 8,800, அதற்கு 12 சதவீதம் ஜி.எஸ்.டி. நாங்கள் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு, செப்டம்பர் 22 முதல், நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கான வரி 5 சதவீதமாகக் குறைந்தது. பணத்தை அங்கே போய்த்தான் கட்டுவது என்று பதிவு செய்திருந்ததால் 9,240 ரூபாயாக இறங்கியது. அந்த மகிழ்ச்சி வரவேற்பு மேசை வரைதான். பதிவு செய்யும்போது ஐந்து பேர் என்று குறிப்பிட்டிருந்தும், ஐந்தாவது ஆளுக்குக் கூடுதல் படுக்கை என்று இரவுக்கு 800 ரூபாய் கேட்டார்கள். தொலைபேசியில் பேசியபோது "அதெல்லாம் சேர்த்துத்தான்" என்று சொன்னவர் அன்று பணியில் இல்லை. எழுத்தில் என்னிடம் ஒன்றும் இல்லை. ஏழெட்டு மணி நேரம் காரில் உட்கார்ந்து வந்த ஆத்தாவை நிற்க வைத்துக்கொண்டு வாதாட மனமில்லாமல் 1,600 ரூபாயைக் கட்டினேன். எத்தனை பேர், எத்தனை படுக்கை, வரி உட்பட மொத்தம் எவ்வளவு என்று முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கியிருந்தால் இது நடந்திராது. சொல்லில் இருப்பது கணக்கில் ஏறாது என்பதற்காகத்தானே ஐயா காலத்தில் கல்யாணத்துக்குச் செய்யவேண்டிய முறைகளைப் பட்டியலிட்டு முறைச்சிட்டையே எழுதினார்கள்!

தலைக் கணக்கில் பெரியது நுழைவுச்சீட்டு. இந்தப் பூங்கா 2000-இல் வீகாலேண்ட் என்ற பெயரில் திறக்கப்பட்டுப் பின்னர் வொண்டர்லா ஆனது. இங்கே பிள்ளைகளின் கட்டணம் வயதை வைத்து இல்லை, உயரத்தை வைத்து. 85 சென்டிமீட்டருக்குக் குறைந்த குழந்தைக்குக் கட்டணமில்லை. 85 முதல் 140 வரை குழந்தைக் கட்டணம். அதற்குமேல் பெரியவர் கட்டணம். 60 வயது கடந்தவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. வயதைக் காட்டும் அட்டை வேண்டும். கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.; 2017-இல் 28 சதவீதமாக இருந்ததை 2018 ஜனவரியில் குறைத்தார்கள். இணையதளத்தில் தேதியைப் போட்டுப் பார்த்தால், வரி சேர்ந்த தொகை நாளுக்கு நாள் மாறுவது தெரியும். ஐந்து பேருக்கும் சேர்த்து 6,500 ரூபாய் ஒதுக்கினோம்.

சீட்டு எடுப்பதற்கு முன் பிள்ளைகளை அளந்தோம். எங்கள் வீட்டு முகப்பில் பர்மாத் தேக்கு நிலை ஒன்று இருக்கிறது. அதன் உட்புறத்தில், நானும் அண்ணனும் வளர்ந்த பென்சில் கோடுகளுக்குப் பக்கத்தில், இப்போது பிள்ளைகளின் கோடுகள். மகன் 122; சந்தேகமில்லாமல் குழந்தைக் கட்டணம். மகளை நிறுத்தித் தலைமேல் ஸ்கேலை மட்டமாக வைத்தபோது, 140-ஐத் தாண்டக்கூடாதே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தாண்டினால் சில நூறு ரூபாய் கூடும். அவளோ தாண்டிவிட வேண்டுமே என்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைகீழாகச் சுழலும் பெரிய சவாரிகளில் ஏற 140 வேண்டும் என்பதை அவள் எனக்கு முன்பே படித்து வைத்திருந்தாள். குதிகால் தரையில் பட்டிருக்கிறதா என்று ஆத்தா குனிந்து பார்த்தார். டேப்பில் 141. "எழுதிக்கோங்கப்பா, பெரியவங்க சீட்டு" என்று அவள் சொன்ன குரலில் இருந்த நிறைவைக் கேட்டபின், குறைவாக வந்திருக்கக்கூடாதா என்ற நினைப்பு எனக்கு அடியோடு போய்விட்டது.

ஆத்தாவின் சீட்டு அப்படி எளிதில் முடியவில்லை. "எனக்கெதுக்கப்பு சீட்டு? நானென்ன ராட்டினமா ஆடப்போறேன்? வெளியில நிழல்ல உக்காந்திருக்கேன்" என்றார். சவாரி செய்தாலும் செய்யாவிட்டாலும் உள்ளே போகச் சீட்டு வேண்டும் என்பது உண்மை. ஆயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் மிஞ்சும் என்பதும் உண்மை. பல வீடுகளில் அப்பத்தாவோ ஆயாவோ இப்படித்தான் லாட்ஜ் அறையிலோ காரிலோ விடப்படுகிறார்கள். அவர்களே சொன்னதால் யாருக்கும் உறுத்துவதில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. ஐந்து பேருக்கு என்று சேர்த்த பணத்தில் ஒருவரை வாசலில் நிறுத்துவதாயிருந்தால், பயணத்தையே ஓர் ஆண்டு தள்ளிப்போட்டு இன்னும் சேர்ப்பது மேல். சீட்டை எடுத்துவிட்டுத்தான் அவரிடம் சொன்னேன். உள்ளே அவர் அலைக்குளத்தின் ஓரத்தில், முழங்கால் அளவுத் தண்ணீரில், பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். அலை வரும்போதெல்லாம் அவன் கத்துவதற்கு முன்பே அவர் கத்தினார். என் ஆத்தா அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ ஆண்டுகள் ஆகியிருந்தன.

கணக்கு தவறிய இடம் பூங்காவின் உள்ளே. 2,500 ரூபாய் வைத்திருந்தோம், ஆனது 4,100. தண்ணீர் விளையாட்டுகளில் பருத்தி ஆடைக்கு அனுமதியில்லை, நைலான் போன்ற செயற்கை இழை ஆடைதான் அணியவேண்டும். பருத்தியின் நூல் பிரிந்து வடிகட்டிகளில் அடைக்கும். பிள்ளைகளுக்கு ஊரிலேயே வாங்கியிருந்தேன். மனைவியும் ஆத்தாவும் தண்ணீரில் இறங்குவார்கள் என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. அது முழுக்க என் தவறு. இருவருக்கும் அங்கேயே வாங்கினோம். லாக்கர் வாடகை இருந்தது. வெளி உணவை உள்ளே எடுத்துச்செல்ல விடமாட்டார்கள் என்பதால் பகல் சாப்பாடும் மாலைச் சிற்றுண்டியும் உள்ளேதான். தண்ணீரில் ஆடிய பிள்ளைகளின் பசியை வீட்டுப் பசியை வைத்து மதிப்பிட்டிருந்தேன். போகிறவர்கள் காரைக்குடியிலோ மதுரையிலோ எல்லோருக்குமே குளியல் உடை வாங்கிக்கொண்டு போங்கள்.

வழிச் சாப்பாட்டில் 5,000-க்கு 4,350-தான் ஆயிற்று. முதல் நாள் காலைக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, பகலுக்குப் புளியோதரையும் வறுத்த அப்பளமும். வீரபாண்டியில் முல்லைப் பெரியாற்றங்கரை மரநிழலில் அமர்ந்து சாப்பிட்டோம். கைமுறுக்கும் மாவுருண்டையும் ஒரு தூக்குச்சட்டி நிறைய வந்தன. சிக்கனத்துக்காக மட்டும் கட்டிக்கொண்டு போகவில்லை. நீண்ட வழியில் பிள்ளைகளின் வயிறு கெடாமல் இருப்பது முதல் நாளுக்கு மிக முக்கியம். இரவுச் சாப்பாட்டை நல்ல ஓட்டலில் வயிறாரச் சாப்பிட்டோம். அங்கே கணக்குப் பார்க்கவில்லை.

வந்த மறுநாள் பூசை முடிந்ததும் மகள் கணக்கை முடித்தாள். பெட்ரோல் 5,950, சுங்கம் 560, அறை, கூடுதல் படுக்கையோடு 10,840, நுழைவுச்சீட்டு 6,200, சாப்பாடு 4,350, பூங்காவின் உள்ளே 4,100, பார்க்கிங்கும் நேந்திரங்காய் சிப்ஸும் 950. மொத்தம் 32,950. பத்திகளில் ஒதுக்கியது 31,200, எதிர்பாராத செலவுக்கென்று கைக்காவலாக வைத்தது 3,000. ஒதுக்கியதைவிட 1,750 கூடியதைக் கைக்காவல் தாங்கிக்கொண்டது, இருப்பு 1,250. பத்தில் ஒரு பங்கு கைக்காவல் இல்லாமல் கிளம்பியிருந்தால் படுக்கைப் பணத்துக்கே ஒருவரையொருவர் குறைசொல்லத் தொடங்கியிருப்போம்.

அடுத்த நோட்டும் தொடங்கிவிட்டது. 2025 டிசம்பரில் சென்னைக்கு அருகே திருப்போரூர்ப் பக்கம் இதே நிறுவனத்தின் பூங்கா திறந்துவிட்டதால், இந்த முறை அங்கே என்று பிள்ளைகள் முடிவு செய்திருக்கிறார்கள். தூரம் ஏறக்குறைய 400 கிலோமீட்டர்; சமயபுரம் தொடங்கிப் பரனூர் வரை சாவடிகளும் வரிசையாக உண்டு; எனவே ஆண்டுச் சலுகைச்சீட்டை இப்போது வாங்கிவிடலாம். தூரக் கணக்கு கூடினாலும், தாம்பரத்தில் அண்ணன் வீடு இருப்பதால் இராக் கணக்கில் "பெரியப்பா வீடு – 0" என்று மகள் எழுதினாள். பக்கத்தில் அமர்ந்து பூத்தொடுத்துக்கொண்டிருந்த ஆத்தா அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "சுழின்னா போடுறது? கையை வீசிக்கிட்டா போவீக? உங்க பெரியம்மாவுக்கு ஒரு தூக்கு பலகாரமும் பழமும் எழுது, ஆத்தா" என்றார். மகள் 0-வை அடித்துவிட்டு, அதன் மேலே 1,500 என்று எழுதினாள்.